லெனார்ட் செஷயர் (1917 - 1992): குறி பார்க்கக் கீழே இறங்கிய விமானி

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் பெரும்பாலும் ஒரே ஒரு செயலுக்காகத் தரப்படுவது. அதை வாங்கியவர்களின் கதைகளைச் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிடலாம். எரிகின்ற விமானத்தின் இறக்கைமீது தவழ்ந்து போனவர், நண்பர்கள் குதித்துத் தப்பும்வரை கட்டுப்பாட்டை விடாமல் பிடித்திருந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு இரவு இருக்கும். 1944 செப்டம்பர் 8ஆம் தேதி லெனார்ட் செஷயர் என்ற விமானிக்கு இந்தப் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது காட்டப்பட்ட காரணம் வேறு மாதிரியானது. நான்கு ஆண்டுகள், நூறு தாக்குதல்கள், அத்தனையிலும் தளராத துணிவு. ஆபத்தை நன்றாக எடைபோட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் மறுபடியும் அதற்குள் போனவர் என்பதற்காகவே அவருக்கு அது வழங்கப்பட்டது.

செஷயரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நகரங்களின்மேல் குண்டு வீசிய வீரர், நாகசாகியில் அணுகுண்டு வெடிப்பதை நேரில் கண்டார், மனம் உடைந்தார், போரைத் துறந்தார், நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் துறவியைப் போல ஆனார். கலிங்கத்துப் போருக்குப் பின் அசோகர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போகும். ஆனால் முக்கியமான இடத்தில் இது தவறு. செஷயர் அணுகுண்டைக் கடைசிவரை தவறென்று சொல்லவில்லை. அவர் வாழ்க்கையை இணைக்கும் சரடு வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இளமை

ஜெஃப்ரி லெனார்ட் செஷயர் 1917 செப்டம்பர் 7ஆம் தேதி இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டுப் பகுதியில் வளர்ந்தார். தந்தை ஜெஃப்ரி செஷயர் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டப் பேராசிரியர். ஒப்பந்தச் சட்டம் பற்றியும் சர்வதேசத் தனிநபர்ச் சட்டம் பற்றியும் அவர் எழுதிய பாடநூல்களை இந்தியாவிலும் இலங்கையிலும் சட்டம் படித்தவர்கள் அறிந்திருப்பார்கள். மகனும் ஸ்டோ பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் சட்டம் பயின்று 1939இல் பட்டம் பெற்றார். படிப்பைவிட வேகமான கார்களிலும் நாய்ப் பந்தயத்திலும் ஈடுபாடு அதிகம் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1936இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தார். குடும்பத் தலைவர் லுட்விக் ஃபான் ராய்ட்டர், 1919இல் ஸ்காப்பா ஃப்ளோவில் ஜெர்மன் கடற்படைக் கப்பல்களை ஆங்கிலேயர் கையில் சிக்காமல் மூழ்கடித்த அதே தளபதி. அங்கே ஹிட்லர் கலந்துகொண்ட கூட்டமொன்றைச் செஷயர் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கை உயர்த்தி வணங்கியபோது அவர் மட்டும் கையை உயர்த்தாமல் நின்றது பலருக்கு ஆத்திரமூட்டியது.  அரசியல் தெளிவைவிட ஊரோடு ஒத்துப்போக மறுக்கும் குணமே அதில் அதிகம் என்று தோன்றுகிறது. அந்தக் குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

கல்லூரி நாட்களிலேயே பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொண்டார். போர் தொடங்கியதும் ராயல் விமானப்படையில் முழுநேர அதிகாரியானார்.

முதல் பதக்கம்

1940 ஜூனில் யார்க்ஷயரின் டிரிஃபீல்டு தளத்தில் 102ஆவது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அங்கே பறந்தவை விட்லி எனப்படும் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள். மெதுவானவை, குளிரில் உறைய வைப்பவை. நியூஸிலாந்தைச் சேர்ந்த ஒரு மூத்த விமானியிடம் துணை விமானியாகத் தொழில் கற்றார். கண்களை மூடிக்கொண்டு விமானி அறையிலுள்ள ஒவ்வொரு விசையையும் கை தானாகத் தொடும்வரை பயிற்சி செய்தார். குழுவினர் ஒவ்வொருவரின் இருக்கையிலும் உட்கார்ந்து அவர்களுடைய வேலையை அறிந்துகொண்டார். இயந்திரத்தை முழுமையாகத் தெரிந்து வைத்திருந்தால் நெருக்கடியில் யோசிக்க நேரம் மிஞ்சும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு 1940 நவம்பர் 12ஆம் தேதி இரவு சோதிக்கப்பட்டது. கொலோன் நகருக்கு அருகே விமான எதிர்ப்புப் பீரங்கியின் குண்டு விட்லியைத் தாக்கியது. உள்ளே வைத்திருந்த வெளிச்சக் குண்டு வெடித்து, விமானத்தின் பக்கவாட்டில் ஏறக்குறைய பன்னிரண்டடி நீளத்துக்குத் தகடு கிழிந்து போயிற்று. வானொலி இயக்குநர் கடுமையான தீக்காயம் அடைந்தார். குழு தீயை அணைத்தது. திறந்து கிடந்த உடலோடு செஷயர் விமானத்தை இங்கிலாந்து கொண்டுவந்து சேர்த்தார். இதற்காக டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. அவ்வளவு இளநிலை அதிகாரிக்கு அது கிடைப்பது அரிது. 1941இல் டி.எஃப்.சி. பதக்கமும், பின்னர் டி.எஸ்.ஓ.வுக்கு மேலும் இரண்டு பட்டைகளும் சேர்ந்தன.

அதே 1941இல் அவருடைய தம்பி கிறிஸ்டஃபர், அவரும் குண்டுவீச்சு விமானிதான், பெர்லின் தாக்குதலுக்குப் போனபோது சுட்டு வீழ்த்தப்பட்டுப் போர்க்கைதியானார். அதே ஆண்டில் நியூயார்க் சென்ற செஷயர், தன்னைவிட 21 வயது மூத்தவரான மௌனப்பட நடிகை கான்ஸ்டன்ஸ் பின்னியைத் திருமணம் செய்துகொண்டார். அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை.

இருட்டில் வீசிய குண்டுகள்

செஷயரின் பிற்காலச் சாதனையின் பொருள் விளங்க வேண்டுமானால், பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படை அப்போது எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். பகலில் போனால் ஜெர்மன் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. எனவே இரவில் போனார்கள். இரவில் கீழே எதுவும் தெரியவில்லை. விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்து 1941 ஆகஸ்டில் தரப்பட்ட பட் அறிக்கை தலைமையை அதிரவைத்தது. இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளாவது போயிருந்தது.

ஒரு தொழிற்சாலையைக் குறிபார்க்க முடியாது, ஒரு நகரத்தைக் குறிபார்க்க முடியும். 1942 பிப்ரவரியில் வந்த உத்தரவு இதையே கொள்கையாக்கியது. தொழிலாளர் குடியிருப்புகள் அடர்ந்த நகரங்களே இலக்கு. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் எழுந்த தீப்புயலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீசியவர்களும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் சுமார் 1,25,000 விமானப் பணியாளர்களில் 55,573 பேர் திரும்பவில்லை. நூற்றுக்கு 44 பேர். முதல் சுற்றுப் பணி என்பது 30 தாக்குதல்கள். செஷயர் நூறு முடித்தார் என்பதை இந்த எண்களுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தளபதி

1942 ஆகஸ்டில் 76ஆவது ஸ்குவாட்ரனின் தளபதியானபோது அவருக்கு 25 வயது நிரம்பவில்லை. அங்கே நான்கு எஞ்சின் ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் அளவுக்கு மீறி விழுந்துகொண்டிருந்தன. விமானிகள் விமானத்தின்மேல் நம்பிக்கை இழந்திருந்தார்கள். செஷயர் எடையையும் காற்றின் இழுவையையும் குறைக்க முடிவு செய்தார். மூக்கிலிருந்த துப்பாக்கிக் கோபுரம், முதுகிலிருந்த கோபுரம், எஞ்சின் புகைப்போக்கிகளின் மூடிகள் எல்லாவற்றையும் கழற்றச் செய்தார். பாதுகாப்புக்காக வைத்த துப்பாக்கிகளை எடுத்துவிட்டால் பாதுகாப்பு கூடும் என்பது கேட்கும்போது விபரீதமாகத்தான் இருக்கும். விமானம் இன்னும் உயரமாகவும் வேகமாகவும் பறந்தது, கட்டுப்பாடும் மேம்பட்டது. பின்னர் வந்த ஹாலிஃபாக்ஸ் வடிவங்களிலும் முன்கோபுரம் நீக்கப்பட்டது. தேவையற்றதை நீக்குவதே பல சமயம் சிறந்த திருத்தம் என்பதைப் பொறியாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

தரையில் வேலை செய்யும் இயந்திரப் பணியாளர்களின் பெயர்களையெல்லாம் நினைவில் வைத்திருந்தார். புதிய விமானிகளுக்குத் துணையாகத் தானே பறந்தார். இது ஒரு பக்கம். பயத்தால் பறக்க மறுத்தவர்களை அவர் உடனே தளத்தைவிட்டு அகற்றினார் என்பது இன்னொரு பக்கம். 'மன உறுதிக் குறைவு' என்ற முத்திரையோடு அப்படி அனுப்பப்பட்டவர்கள் அவமானத்தைச் சுமந்தார்கள். ஒருவரின் பயம் மற்றவர்களுக்குத் தொற்றிவிடும், தனக்கு வேறு வழியிருக்கவில்லை என்று பிற்காலத்தில் செஷயர் விளக்கம் சொன்னார். நோயாளிகளின் அருகில் பொறுமையோடு அமர்ந்தவர் என்று பிறகு பெயர் வாங்கிய மனிதரின் போர்க்காலப் பக்கத்தில் இதுவும் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை.

1943இல் ராயல் விமானப்படையின் மிக இளைய குரூப் கேப்டன் என்ற பதவி உயர்வும், ஒரு பயிற்சித் தளத்தின் தலைமையும் கிடைத்தன. 'பாம்பர் பைலட்' என்ற தன் அனுபவ நூலை அந்த ஆண்டே வெளியிட்டார். மேசைக்குப் பின்னால் இருக்கப் பிடிக்கவில்லை. பதவியில் ஒரு படி இறங்கிக்கொள்கிறேன், பறக்கவிடுங்கள் என்று கேட்டார். இப்படித்தான் 1943 இறுதியில் 617ஆவது ஸ்குவாட்ரன் அவர் கைக்கு வந்தது.

கூரை உயரத்தில்

617 அப்போதே புகழ்பெற்ற பிரிவு. 1943 மே மாதம் கை கிப்ஸன் தலைமையில் துள்ளும் குண்டுகளால் ஜெர்மனியின் மோனே, ஏடர் அணைகளை உடைத்தவர்கள் இவர்கள்தான். அந்த ஒரே இரவில் 53 விமானப் படையினர் இறந்தார்கள். வெள்ளத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பலர் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டவர்.

செஷயர் வந்தபோது அந்தப் பிரிவுக்கு முன்னிருந்த கேள்வி, சிறிய இலக்குகளைத் துல்லியமாகத் தாக்குவது எப்படி என்பது. பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து பாதை காட்டும் விமானங்கள் போடும் வெளிச்சக் குறிகள் நூற்றுக்கணக்கான கஜங்கள் தள்ளி விழுந்தன. குறி தவறினால் அதைப் பார்த்துப் போடும் அத்தனை குண்டுகளும் தவறும். ஒரு விமானம் மட்டும் மிகத் தாழப் பறந்து, இலக்கைக் கண்ணால் பார்த்து, அதன் கூரையிலேயே குறியைப் போட்டுவிட வேண்டும் என்றார் செஷயர். பாதை காட்டும் படையின் தலைவரான டான் பென்னட் இது நடக்காத காரியம் என்று எதிர்த்தார். ஐந்தாம் குழுவின் தலைவர் ரால்ஃப் காக்ரேன் ஆதரித்தார்.

1944 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு பிரான்ஸின் லிமோஜ் நகரில் இது செய்துகாட்டப்பட்டது. இலக்கு, ஜெர்மானியருக்காக விமான எஞ்சின்கள் செய்துகொண்டிருந்த நோம் எ ரோன் தொழிற்சாலை. இரவு வேலையில் நூற்றுக்கணக்கான பிரெஞ்சுப் பெண்கள் இருந்தார்கள். சுற்றிலும் வீடுகள். ஆக்கிரமிப்புக்குள்ளாகியிருந்த நட்பு நாட்டின் குடிமக்கள் சாகக் கூடாது என்பது அரசின் கவலை. செஷயர் தன் லங்காஸ்டரைத் தொழிற்சாலையின் கூரையை உரசுவது போல மூன்று முறை ஓட்டினார். சத்தம் கேட்டு உள்ளே இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். அடுத்த சுற்றில்தான் தீக்குறிகளைக் கட்டடத்தின் நடுவில் போட்டார். பின்னால் வந்த பதினோரு லங்காஸ்டர்களின் குண்டுகளில் தொழிற்சாலை அழிந்தது; அக்கம்பக்கத்து வீடுகள் தப்பின.

குண்டு போடப்போகும் விமானமே இலக்கிலுள்ளவர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, தன்னைச் சுடுவதற்கும் அவகாசம் கொடுத்த இந்தச் சம்பவத்தை அவருடைய போர் வாழ்க்கையின் உச்சமாக நான் கருதுகிறேன்.

பிறகு லங்காஸ்டரை விட்டு, மரத்தால் செய்யப்பட்ட வேகமான மொஸ்கிட்டோ விமானத்துக்கு மாறினார். ஏப்ரல் 24ஆம் தேதி இரவு மியூனிக். தேடுவிளக்குகளும் பீரங்கிகளும் நிறைந்த அந்த நகரின்மேல் 700 அடிவரை பாய்ந்து இறங்கிக் குறியிட்டார். வீடு திரும்ப எரிபொருள் போதுமா என்பதே நிச்சயமில்லாத பயணம். விக்டோரியா கிராஸ் அறிக்கை தனியாக எடுத்துச் சொன்ன தாக்குதல் இதுதான்.

1944 ஜூன் 5ஆம் தேதி இரவு, நார்மண்டி படையிறக்கத்தின்போது, 617இன் லங்காஸ்டர்கள் குண்டு எதுவும் போடவில்லை. ஆங்கிலக் கால்வாயின் மேல் நீள்வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் சற்றே முன்னேறி, அலுமினியக் கீற்றுகளைக் கணக்கான இடைவெளியில் தூவினார்கள். ஜெர்மன் ரேடாரில் அது வேறொரு கரையை நோக்கி மெல்ல ஊர்ந்துவரும் பெரிய கப்பற்படை போலத் தெரிந்தது. சில விநாடிகள் பிசகினாலும் குட்டு உடைந்துவிடும். ஜூன் 25ஆம் தேதி, அமெரிக்கர்களிடமிருந்து பெற்ற மஸ்டாங் போர் விமானம் ஒன்றை, அதற்கு முன் ஓட்டிப் பழக்கமே இல்லாமல், நேரடியாகத் தாக்குதலுக்கு ஓட்டிச் சென்று சிராகூர் என்ற இடத்தில் பறக்கும் குண்டுகளுக்கான தளத்தைக் குறியிட்டார். இரவில் இறக்கியும் காட்டினார். ஜூலை மாதம், நூறு தாக்குதல்கள் முடிந்த நிலையில், இனிப் போதும் என்று தலைமை அவரைப் பணியிலிருந்து விலக்கியது.

1945இல் அரண்மனையில் பதக்கம் வாங்கப் போனபோது உடன் வந்தவர் நார்மன் ஜாக்ஸன். எரியும் விமானத்தின் இறக்கைமேல் தவழ்ந்தவர் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேனே, அவர்தான். பதவி வரிசைப்படி செஷயருக்குத்தான் முதலிடம். ஆனால் இவர்தான் என்னைவிட அதிகம் துணிந்தவர், இவருக்கு முதலில் கொடுங்கள் என்று மன்னரிடம் செஷயர் கேட்டதாக ஜாக்ஸன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

கருவிக்கு நோக்கம் தெரியாது

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். லிமோஜில் பொதுமக்களைக் காப்பாற்ற உதவிய தாழ்வான குறியிடல் முறை, பிறகு ஐந்தாம் குழுவின் வழக்கமான முறையாயிற்று. 1945 பிப்ரவரி 13ஆம் தேதி டிரெஸ்டன் நகரின்மேல் நடந்த முதல் அலைத் தாக்குதலில் மொஸ்கிட்டோக்கள் தாழ இறங்கிக் குறியிட்டது இதே முறையில்தான். குறி மிகச் சரியாக விழுந்தது. அதனாலேயே நகரம் முழுமையாக எரிந்தது. 2010இல் வெளிவந்த வரலாற்றாய்வுக் குழுவின் அறிக்கைப்படி இறந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர்.

செஷயர் அப்போது ஐரோப்பிய வானில் இல்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. ஆனால் துல்லியம் என்பது தன்னளவில் அறமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களும் யோசிக்க வேண்டியது இது. ஒரு நல்ல முறையை உருவாக்கிவிட்டால் அது யார் கைக்கும் போகும்.

39,000 அடி உயரத்தில்

617ஐ விட்டதும் அவரைக் கல்கத்தாவிலிருந்த கிழக்கு விமானப்படைத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். இந்தியாவுடன் அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு அது. பிறகு வாஷிங்டனில் பிரிட்டிஷ் இராணுவத் தூதுக்குழுவில் பணி. அங்கிருந்து 1945 கோடையில், அணுகுண்டுத் தாக்குதலைப் பிரிட்டனின் சார்பில் பார்வையிட, இயற்பியலாளர் வில்லியம் பென்னியுடன் பசிபிக் தீவான டினியனுக்கு அனுப்பப்பட்டார்.

1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி அவர்கள் இருவரும் 'பிக் ஸ்டிங்க்' என்ற பி-29 விமானத்தில் இருந்தார்கள். மூன்று விமானங்களும் ஜப்பானின் தெற்கே ஒரு தீவின்மேல் 30,000 அடி உயரத்தில் சந்திக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவர்களுடைய விமானமோ 39,000 அடியில் சுற்றிக்கொண்டிருந்தது, சந்திப்பு தவறிவிட்டது. குண்டைச் சுமந்த விமானம், முதல் இலக்கான கொக்குரா நகரம் கண்ணுக்குப் புலப்படாததால் நாகசாகிக்குத் திரும்பியது. முற்பகல் 11.02க்குக் குண்டு வெடித்தபோது செஷயர் வெகு தொலைவில் இருந்தார். அவர் பார்த்தது வானில் எழுந்து நின்ற மேகத்தை. அந்த ஆண்டின் இறுதிக்குள் நாகசாகியில் இறந்தவர்கள் சுமார் 70,000 என்று மதிப்பிடப்படுகிறது.

முகம் பார்க்கும் தூரத்துக்கு இறங்கிக் குறியிட்டுப் பழகிய விமானி, மிகப் பெரிய அழிவை மிக அதிகத் தொலைவிலிருந்து, கையில் எந்த வேலையும் இல்லாமல், பார்வையாளராகப் பார்த்தார்.

இதற்கு அவர் என்ன பொருள் கண்டார்? இனி இத்தகைய ஆயுதம் இருக்கும் உலகில் பெரும் போர் சாத்தியமில்லை, ஆகவே அமைதிக்காக உழைக்க வேண்டும் என்று நினைத்தார். அணுகுண்டு போரை விரைந்து முடித்துப் பல உயிர்களைக் காத்தது என்ற கருத்தை அவர் கைவிடவேயில்லை. 1985இல் 'பல சூரியர்களின் ஒளி' என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய நூலிலும் அந்த நிலையையே விளக்கினார். கீதையின் விசுவரூப தரிசனத்தில் வரும் ஆயிரம் சூரியர் உவமையைத் தலைப்பு நினைவூட்டுகிறது. அவர் முடிவோடு நாம் உடன்பட வேண்டியதில்லை. எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் சொல்லாத பச்சாத்தாபத்தை அவர் வாயில் திணிப்பது நியாயமில்லை.

ஒரு நோயாளி

1946 ஜனவரியில் விமானப்படையை விட்டு விலகினார். போர் முடிந்து வந்தவர்கள் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்ந்து உழைக்கும் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அது லே கோர்ட் என்ற பெரிய வீட்டில், ஹாம்ப்ஷயரில் நடந்தது. பணம் கரைந்தது, சண்டைகள் வந்தன, 1947 முடிவதற்குள் திட்டம் கடனில் மூழ்கியது. நூறு தாக்குதல்களில் தோற்காதவர் அமைதிக்காலத்தின் முதல் முயற்சியிலேயே தோற்றார்.

காலியான அந்த வீட்டுக்கு 1948 மே மாதம் ஆர்தர் டைக்ஸ் வந்தார். குடியிருப்பில் முன்பு பன்றிகளைப் பார்த்துக்கொண்டவர். புற்றுநோய் முற்றி, மருத்துவமனை இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிட்ட நிலையில், போக இடமில்லை. செஷயரே அவரை வீட்டுக்கு அழைத்துவந்தார். சமைத்தார், குளிப்பாட்டினார், மலச்சட்டி எடுத்தார், இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் படுத்துக்கொண்டார். செவிலியர் பயிற்சி எதுவும் அவருக்குக் கிடையாது. ஆகஸ்டில் டைக்ஸ் இறந்தார். அதற்குள்ளேயே வேறு நோயாளிகளும் வரத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் செஷயர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

அவருடைய வாழ்க்கை திரும்பிய இடம் நாகசாகி மேகம் என்பதைவிட இந்தப் படுக்கை என்று சொல்வதே பொருத்தம். அவர் திட்டமிட்டுத் தேடிப்போன இடமில்லை அது. வேறு யாரும் இல்லாததால் தானே செய்தார். முறை மட்டும் பழையது: இலக்குக்கு மிக அருகில் போ, கண்ணால் பார், தேவையானதைச் செய்.

பம்பாயும் டேராடூனும்

நடுவில் அவரே நோயாளியானார். 1952 முதல் 1954 வரை காசநோய்க்காக மிட்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் கிடந்தார். பல அறுவை சிகிச்சைகள். நுரையீரலின் ஒரு பகுதியையும் சில விலா எலும்புகளையும் இழந்தார். எழுந்ததும் அவர் புறப்பட்டது இந்தியாவுக்கு. பம்பாயின் அந்தேரியில் தொடங்கியதுதான் பிரிட்டனுக்கு வெளியே உருவான முதல் செஷயர் இல்லம். பின் பெங்களூர் உட்படப் பல நகரங்களிலும், இலங்கையிலும் இல்லங்கள் எழுந்தன. நம்மில் சிலர் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கலாம். அந்தப் பெயருக்குரியவர் குண்டுவீச்சு விமானி என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது.

1959 ஏப்ரல் 5ஆம் தேதி பம்பாயில் சூ ரைடரை மணந்தார். போர்க்காலத்தில் இரகசியப் பிரிவில் போலந்துக்காரர்களோடு பணியாற்றியவர் சூ. போருக்குப் பிறகு வதைமுகாம்களில் தப்பியவர்களுக்காகவும் ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்தவர்களுக்காகவும் உழைத்தவர். இருவரும் சேர்ந்து டேராடூனில் தொழுநோயாளிகளுக்கும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குமாக ரஃபேல் என்ற நிலையத்தை உருவாக்கினார்கள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். செஷயர் இறந்தபோது சுமார் 50 நாடுகளில் 200க்கும் மேற்பட்ட இல்லங்கள் அவர் பெயரில் இருந்தன.

உள்ளிருந்து வந்த விமர்சனம்

இத்தோடு நிறுத்தினால் இது புகழ்மாலையாகிவிடும். செஷயர் இல்லங்களுக்கு மிகக் கூர்மையான விமர்சனம் லே கோர்ட்டிலேயே பிறந்தது. 1956இல் அங்கே வந்து சேர்ந்த பால் ஹன்ட், தசை நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த இளைஞர். எத்தனை மணிக்குத் தூங்குவது என்பதைக்கூட வேறொருவர் முடிவு செய்யும் வாழ்க்கையை அவரும் நண்பர்களும் எதிர்த்தார்கள். நிர்வாகத்தில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்றார்கள். 1966இல் 'ஸ்டிக்மா' என்ற கட்டுரைத் தொகுப்பை ஹன்ட் வெளிக்கொணர்ந்தார். 1972 செப்டம்பரில் 'கார்டியன்' நாளிதழில் அவர் எழுதிய கடிதத்திலிருந்து பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தின் முக்கியமான அமைப்பொன்று தோன்றியது. உடற்குறை வேறு, அந்தக் குறையுள்ளவரை ஒதுக்கிவைக்கும் சமூக ஏற்பாடு வேறு. மாற வேண்டியது இரண்டாவது என்பது அவர்கள் வாதம். இன்று உலகெங்கும் சட்டங்களில் நுழைந்திருக்கும் கருத்து அது.

ஆர்தர் டைக்ஸுக்கும் செஷயருக்கும் இடையே இருந்த நெருக்கம் ஒரு மனிதரின் கையில் சாத்தியமாயிற்று. அதையே நூற்றுக்கணக்கான இல்லங்களாக, குழுக்களாக, விதிகளாகப் பெருக்கியபோது, உதவுபவருக்கும் உதவி பெறுபவருக்கும் நடுவே பழைய தூரம் திரும்பிவந்தது. இதைக் கண்டு சொன்னவர்கள் படுக்கையில் இருந்தவர்கள்தான். லே கோர்ட் என்ற வீடு இல்லாவிட்டால் அவர்கள் ஒன்றுகூடியிருக்கவும் மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இறுதி ஆண்டுகள்

1981இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயரிய விருதும், 1991இல் பிரபுப் பட்டமும் கிடைத்தன. பட்டத்தோடு சேர்க்கத் தேர்ந்த ஊர்ப்பெயர் உட்ஹால், 617 இருந்த தளத்தின் பெயர். 1990 ஜூலை 21ஆம் தேதி, பெர்லின் சுவர் விழுந்த இடத்தில், செஷயர் தொடங்கிய பேரிடர் நிவாரண நிதிக்காக ரோஜர் வாட்டர்ஸ் 'தி வால்' இசை நிகழ்ச்சியை நடத்தினார். தொடக்கத்தில் ஒரு பழைய போர்க்கால விசிலை ஊதியவர் 72 வயதுச் செஷயர். தம்பியை வீழ்த்திய நகரம். அவரும் தோழர்களும் இடிக்கப் போன நகரம்.

இயக்க நரம்பணு நோயால் உடல் செயலிழந்து, தன் இல்லங்களில் வாழ்ந்தவர்களைப் போலத் தானும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில், 1992 ஜூலை 31ஆம் தேதி சஃபோக்கின் கேவண்டிஷ் கிராமத்தில் காலமானார்.

குண்டுவீச்சுப் படைக்கு லண்டன் கிரீன் பார்க்கில் நினைவுச்சின்னம் எழ 2012வரை ஆயிற்று. இறந்த 55,573 பேரை எப்படி நினைப்பது, அவர்கள் குண்டுகளில் இறந்தவர்களை எப்படி நினைப்பது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்க அந்த நாடு தயங்கியதும் அதற்கு ஒரு காரணம். செஷயரின் வாழ்க்கை இவற்றுக்கு விடை தருவதில்லை. லிமோஜ் தொழிற்சாலையின் மேல் அவர் மூன்று முறை சுற்றினார், மியூனிக்கின் மேல் அப்படிச் சுற்றவில்லை. இரண்டும் ஒரே மனிதர், ஒரே ஆண்டு, இரண்டரை மாத இடைவெளி. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு இரவுகளையும் எழுத வேண்டும்.